கல்லில் உருவும் எழுத்தும்: சிங்காரப்பேட்டைக் கணவாயின் நடுகற்கள்

சிங்காரப்பேட்டை, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில், ஊத்தங்கரையிலிருந்து செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் உள்ள ஊர். ஒருபுறம் சவ்வாது மலை, மறுபுறம் தென்மலையும் சித்தேரியும். நடுவே உள்ள கணவாயைச் செங்கம் கணவாய் என்றும் சிங்காரப்பேட்டைக் கணவாய் என்றும் சொல்வார்கள். மேற்கே பாரமகால் மேட்டுநிலம், கிழக்கே திருவண்ணாமலைச் சமவெளி. மேட்டிலிருந்து கீழே இறங்கிய படைகளுக்கு இது ஒரு வாசல். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயப் படையும் மோதியது இந்த வாசலின் கிழக்கு முனையான செங்கத்தில்தான்.

அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இவ்வழியில் நடந்த சண்டைகள் மிகச் சிறியவை. ஓர் ஊரின் மாடுகளை இன்னோர் ஊரார் ஓட்டிப் போவார்கள். மீட்கப் போனவர்களில் ஒருவன் திரும்பி வரமாட்டான். அவன் விழுந்த இடத்திலோ ஊர் எல்லையிலோ ஒரு பலகைக் கல் நிற்கும். கல்லில் அவன் உருவம் இருக்கும். உருவத்துக்கு மேலே நாலைந்து வரி எழுத்து இருக்கும். செங்கம், தண்டராம்பட்டு, ஊத்தங்கரை, அரூர் என்று இந்தக் கணவாயின் இரு பக்கமும் இத்தகைய நடுகற்கள் நெருக்கமாகக் கிடைத்தன. தமிழக அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலையும், 1975இல் தருமபுரிக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியையும் வெளியிட்டது. ஊத்தங்கரை வட்டம் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்.

அந்த நூல்களுக்குப் பிறகு நடுகற்கள் வரலாற்றாசிரியர்களின் கைக்குப் போயின. எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தச் சிற்றரசன், எந்த நாடு என்ற கேள்விகளுக்கு அவை விடை சொல்லின. அந்த வேலை பெரிது. ஆனால் நடுகல் ஓர் ஆவணம் மட்டுமன்று. உருவும் எழுத்தும் ஒரே பரப்பைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றில்லாமல் மற்றது நிறைவுறாத ஒரு கலைப்பொருளும் ஆகும். இப்படிப்பட்ட பொருளை எப்படிப் பார்ப்பது என்ற கல்வியை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக வளர்த்தவர்கள் சீனர்கள். ஓவியத்தையும் எழுத்தையும் ஒரே கலையின் இரண்டு கிளைகளாக அவர்கள் பார்த்த விதத்தைத் தெரிந்துகொண்டு செங்கத்துக் கல்லின் முன் நின்றால், இதுவரை கண்ணில் படாத பல கூறுகள் தெரியவரும்.

கல் நடும் வழக்கம் எழுத்துக்கு முந்தியது. தண்டராம்பட்டுக்கு அருகே மோட்டூரில் மனித உருவின் வெளிக்கோட்டை மட்டும் காட்டும் ஒரு பெரிய பலகைக் கல் இருக்கிறது. கண், மூக்கு, கை எதுவும் இல்லை. தோளும் தலையும் இருக்க வேண்டிய இடத்தில் கல்லே வளைந்து கொடுக்கிறது. பெருங்கற்காலத்தைச் சேர்ந்த அந்தக் கல்லை ஊரார் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். வரைந்து காட்டும் பழக்கமும் இப்பகுதியில் பழையதுதான். பர்கூர் அருகே மல்லபாடியில், பாறையில் வெள்ளை நிறத்தால் தீட்டிய குதிரை வீரர்களின் உருவங்கள் 1970களின் பிற்பகுதியில் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அதே பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போவதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. கல்லை வெட்டும் உளிக்கு வேண்டிய உலோகம் இந்த மண்ணில் மிகப் பழைய காலத்திலேயே இருந்திருக்கிறது.

எழுத்து வந்த பிறகு முதலில் தோன்றிய நடுகற்களில் உருவம் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து மட்டுமே இருக்கிறது. ஊர், பெயர், ஆகோள் என்னும் மாடு கவரும் பூசல் ஆகியவற்றைச் சொல்லி அந்தக் கற்கள் முடிந்துவிடுகின்றன. சங்கப் பாடல்கள் காட்டும் நடுகல்லும் பெரும்பாலும் எழுத்துக் கல்தான். வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டி நிறுத்திய கற்களை அகநானூறு வழிநடையில் காட்டுகிறது. கூரிய உளியால் வெட்டிய எழுத்தின் கோடுகள் தேய்ந்து, வழிப்போக்கர்கள் வேறு பொருள் கொள்வதையும், களைத்த நடையில் முழுவதும் படித்துப் பார்க்கப் பொறுமையின்றி அவர்கள் கடந்து போவதையும் அந்தப் பாடல்கள் கவனித்திருக்கின்றன. கல்வெட்டுப் படிப்பின் தொல்லைகளைத் தமிழில் முதலில் பதிவு செய்தவர்கள் பாலைத்திணைப் புலவர்கள் என்று சொன்னால் மிகையாகாது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாமும் அவன் ஊருக்குப் போகும் வழியில் நடுகற்கள் நிற்பதைச் சொல்கிறது.

கல் நிறுத்துவதற்கு ஒரு முறை இருந்தது. தொல்காப்பியம் அதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது முதல் படி. இந்த முதல் படிக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்திருப்பது கவனிக்கத்தக்கது. செங்கம் பகுதிக் கற்களைப் பார்த்தால் காரணம் புரியும். அவற்றில் பெரும்பாலானவை நான்கு பக்கமும் செதுக்கிச் சதுரமாக்கிய கற்கள் அல்ல. பாறையிலிருந்து பிளந்தெடுத்த பலகைகள். ஓரம் கோணல், மேல்விளிம்பு சரிவு. அந்தக் கோணலுக்குள் வீரனை எங்கே நிறுத்துவது, எழுத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதைக் கல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவு செய்துவிட வேண்டும்.

உருவும் எழுத்தும் சேர்ந்த கற்கள் செங்கம் பகுதியில் ஏறத்தாழ 5, 6ஆம் நூற்றாண்டுகளிலிருந்து கிடைக்கின்றன. சிங்கவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகிய பல்லவர்களின் காலத்தில் அவை பெருகுகின்றன. அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வீரன் ஒருவன், தனியாக. கால்கள் பக்கவாட்டில் நடக்கும் நிலையில், மார்பு நேராக. இடக்கையில் வில், வலக்கையில் அம்போ குறுவாளோ. தலைமுடியைத் தூக்கிக் கொண்டையாக முடிந்திருப்பான். இடையில் இறுக்கிய ஆடை. சிலவற்றில் உடம்பில் அம்புகள் தைத்திருக்கும். காலடியில் கெண்டியும் சிமிழும் இருக்கும். அவை செத்தவனுக்கான படையல். செதுக்கு ஆழமில்லாத புடைப்பு. பின்னணியைச் சற்றே தாழ்த்தி, உருவை மட்டும் மேலே நிறுத்தியிருப்பார்கள். மலை இல்லை, மரம் இல்லை, எதிரி இல்லை. எதிரியை அம்புகள்தாம் சொல்ல வேண்டும்.

எழுத்து வட்டெழுத்து. தமிழ்ப் பிராமியிலிருந்து வளர்ந்த இந்த எழுத்து வளைவுகளால் ஆனது. ஓலையில் எழுத்தாணி ஓடிய பழக்கமே இந்த வளைவுக்குக் காரணம் என்பது பொதுவான கருத்து. வாசகம் ஒரு வாய்ப்பாட்டில் வரும்: அரசன் பெயர், ஆண்டு, அவன் கீழிருந்த தலைவன், வீரன், அவன் செத்த காரணம், இறுதியில் ‘பட்டான் கல்’. மாட்டு மந்தைக்கு இந்தக் கற்களில் வழங்கும் சொல் ‘தொறு’. மகேந்திரவர்மன் இங்கே ‘மயீந்திர பருமன்’; சிங்கவிஷ்ணு ‘சிங்கவிண்ண பருமன்’. அரண்மனைச் செப்பேட்டில் சமஸ்கிருதத்தில் ஒலித்த பெயரை ஊர்க்காரன் காதில் விழுந்தபடி வெட்டியிருக்கிறான்.

இந்தக் கற்களிலேயே பெயர் பெற்றது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவகத்தி என்பவன் தன் எருமை மந்தைக்காகச் செத்ததை அது சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் நாய்க்கென்றே தனி வாசகம் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. உருவம் மட்டும் இருந்திருந்தால் அது ஏதோ ஒரு நாய். எழுத்து மட்டும் இருந்திருந்தால் ஒரு செய்தி. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் கோவிவன் என்ற அந்த நாய் அங்கே நின்றுகொண்டிருக்கிறது. அந்த ஆட்சியாண்டுக்குரிய மகேந்திரவர்மனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்று ஒரு விருதுப் பெயர் உண்டு, ஓவியர்களில் புலி என்ற பொருளில். அவன் தீட்டியது என்று உறுதியாகக் காட்ட ஓர் ஓவியமும் இன்று இல்லை. அவன் ஆட்சியில் பெயர் தெரியாத ஒரு கல்தச்சன் செதுக்கிய நாய் இருக்கிறது.

செங்கத்தில் இந்தக் கற்கள் பெருகிய அதே 6ஆம் நூற்றாண்டு வாக்கில், சீனத்தில் சியே ஹே என்ற ஓவியர் ஓவியத்தை மதிப்பிட ஆறு விதிகளை எழுதினார். உருவ ஒற்றுமை, நிறம், அமைப்பு, பழைய ஓவியங்களைப் பார்த்து எழுதிப் பழகுதல் எல்லாம் அந்தப் பட்டியலில் பின்னால்தான் வருகின்றன. முதலில் நிற்பது உயிர்மூச்சின் அதிர்வு. இரண்டாவது தூரிகையின் எலும்பு. உருவம் அச்சு அசலாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், கோட்டில் மூச்சு ஓடுகிறதா, கோட்டுக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எழுத்துக் கலைக்கும் இதே அளவுகோல்தான். தூரிகை, மை, தாள், மை அரைக்கும் கல் என்ற நான்கும் எழுதுகிறவனுக்கும் வரைகிறவனுக்கும் பொது. மூங்கில் இலையை இழுக்கும் கைவீச்சும் எழுத்தின் ஒரு கோட்டை இழுக்கும் கைவீச்சும் ஒன்றே. பட்டிலும், உறிஞ்சும் தன்மையுள்ள தாளிலும் மை இறங்கியபின் திருத்த முடியாது. அதனால் ஒவ்வொரு கோடும் எழுதியவனின் அந்த நேரத்து உடம்பையும் மனத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

சீனர் எழுத்தைப் ‘படிப்பது’ போலவே ‘பார்க்கவும்’ செய்தார்கள் என்பதன் பொருள் இதுதான். பார்க்கிறவன் கோடு போட்ட வரிசையில் தன் கண்ணை ஓட்டுவான். எங்கே கை அழுத்தியது, எங்கே தயங்கியது, எங்கே மை வற்றியது என்று பின்தொடர்வான். இதற்குச் சீனத்திலேயே மிகவும் மதிக்கப்படும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று நடுகல்லுக்கு நெருங்கிய உறவு. தாங் பேரரசில் ஆன் லூஷான் கலகத்தின்போது யான் சென்சிங் என்ற அதிகாரியின் அண்ணன் மகன் கொல்லப்பட்டான். கி.பி. 758இல், மீட்கப்பட்ட எச்சங்களுக்குச் சடங்கு செய்வதற்காக யான் சென்சிங் ஓர் இரங்கல் உரைக்கு வரைவு எழுதினார். தொடக்கம் நிதானமாக இருக்கிறது. போகப் போகக் கை விரைகிறது. சொற்களை அடிக்கிறார், பக்கத்தில் எழுதுகிறார், மை தீர்ந்து தூரிகை தாளில் உராய்கிறது, மீண்டும் தோய்க்கிறார். அழகாக எழுத வேண்டும் என்ற எண்ணமே இல்லாத அந்தக் கிறுக்கல்தான் இன்று தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உலகின் மிகச் சிறந்த எழுத்துக் கலைப் படைப்புகளில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. சண்டையில் விழுந்த உறவினனுக்கு எழுதிய இரங்கல் அங்கே தாளில், இங்கே கல்லில்.

வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. தூரிகை ஒரு மூச்சில் ஓடும்; உளி ஓடாது. ஒரு வளைவை வெட்டப் பல முறை சுத்தியல் அடிக்க வேண்டும். ஆகவே செங்கம் கல்லில் கண்ணீரின் வேகத்தைத் தேடினால் கிடைக்காது. தேட வேண்டியவை வேறு. வரி முதலில் நேராகத் தொடங்கி, கல்லின் சரிவுக்கு ஏற்ப மெல்லச் சாய்கிறது. முதல் எழுத்துகள் பெரிதாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். அரசன் பெயர் அல்லவா. வீரன் பெயருக்கு வரும்போது இடம் குறைந்து எழுத்துகள் நெருங்குகின்றன. வாக்கியம் முடியவில்லை, மேல்பகுதி முடிந்துவிட்டது என்றால் எழுத்து இறங்கி, வில்லுக்கும் தோளுக்கும் நடுவிலோ காலுக்கு அருகிலோ இடம் தேடிக்கொள்கிறது. எழுத்து உருவத்தின்மேல் ஏறுவது அரிது, உருவத்துக்கு வழிவிடும். சீனச் சுருளோவியத்தில் மலைக்கு மேலே விட்ட வெற்றிடத்தில் கவிதை வரிகள் இறங்குவதும் இப்படித்தான். ஆனால் அங்கே வெற்றிடம் திட்டமிட்டு விட்டது. அதுவே பனியும் நீரும் தொலைவும் ஆகும். நடுகல்லின் வெற்றிடம் கல்லாகவே இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. பின்னணி எதுவுமே இல்லாததால்தான் அந்த ஒற்றை ஆள் இவ்வளவு அழுத்தமாக நிற்கிறான்.

எழுத்தை அழகுக்காகவே எழுதும் கலை தமிழகத்தில் இல்லாமல் இல்லை. அது கணவாயில் இல்லை, காஞ்சியில் இருந்தது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் கட்டிய கயிலாசநாதர் கோயிலின் சுற்றுச் சிற்றாலயங்களில் அவனுடைய விருதுப் பெயர்கள் இருநூற்றுக்கும் மேல் வெட்டப்பட்டிருக்கின்றன. அதே பெயர்கள் வரிசை வரிசையாக, வெவ்வேறு எழுத்தமைவுகளில் திரும்ப வருகின்றன. ஒன்று எளிய கிரந்தம். வேறொன்றில் எழுத்துகளின் முனைகள் சுருண்டு கொடியாகப் படர்கின்றன. படிப்பதற்கு ஒரு வரிசை போதும். மற்றவை கண்ணுக்கு விருந்தாக வெட்டியவை. அரசவை தன் எழுத்தை இப்படி அலங்கரிப்பதற்கு முந்தைய நூற்றாண்டில், அதே பல்லவர் ஆட்சிக்கு உட்பட்ட மலையோரத்தில் மக்கள் வட்டெழுத்தில் நாய்க்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டில் எது உயர்ந்த கலை என்று கேட்டால் காஞ்சி என்றுதான் பலரும் சொல்வார்கள். சியே ஹேயின் முதல் விதியை வைத்து அளந்தால் விடை மாறலாம்.

கல்லெழுத்தைத் தாளுக்குக் கொண்டுவரும் வேலையிலும் சீனர்கள் முன்னோடிகள். கல்லின்மேல் நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டி, பாதி உலர்ந்ததும் மைத் துணிப்பந்தால் ஒற்றுவார்கள். மேடான பகுதி கறுக்கும், பள்ளத்து எழுத்து வெள்ளையாக நிற்கும். தாங் காலத்தில் எடுத்த இத்தகைய படிகள் தூன்ஹுவாங் குகையில் கிடைத்திருக்கின்றன. 353இல் வாங் சீட்சி எழுதிய ஆர்க்கிட் மண்டப முன்னுரைதான் சீன எழுத்துக் கலையின் உச்சம் என்பார்கள். அதன் மூலம் இன்று இல்லை. தாங் பேரரசர் தைசோங் அதைத் தம் கல்லறைக்கே எடுத்துச் சென்றுவிட்டதாக மரபு. உலகம் அதை அறிவது பார்த்தெழுதிய படிகளாலும் கல்லில் வெட்டி எடுத்த படிகளாலும்தான். சீ-ஆன் நகரில் 1087இல் தொடங்கிய கற்பலகைக் காடு என்னும் கூடம், பின்வந்த தலைமுறைகள் எழுத்துப் பழகப் படியெடுத்துப் போன பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

தமிழ்க் கல்வெட்டியலில் இதே வேலைக்குப் பெயர் மைப்படி எடுத்தல். 1886இல் சென்னையில் அரசுக் கல்வெட்டாய்வாளராக ஹூல்ச் அமர்ந்த பிறகு இது அன்றாடத் தொழிலானது. முதலில் கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கையும் பாசியையும் போக்க வேண்டும். பிறகு நனைத்த தாள், அழுத்தும் தூரிகை, மைப்பந்து. காற்றடித்தால் தாள் கிழியும். வெயில் ஏறினால் ஒட்டுவதற்குள் காயும். கைப்பழக்கம் உள்ளவர் எடுத்த மைப்படியில், நேரில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் துலங்கும். ஆனால் நடுகல்லில் மைப்படி பெரும்பாலும் எழுத்துள்ள பகுதிக்கு மட்டும் எடுக்கப்பட்டது. வாசகம் ஒரு கோப்பில், உருவத்தின் புகைப்படம் இன்னொரு கோப்பில் என்று இரண்டும் பிரிந்தன. ஒரு சீன ரசிகரிடம் ஓவியத்திலிருந்து எழுத்தை மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தால் அவர் கோபித்துக்கொண்டிருப்பார்.

தமிழ் எழுத்தும் சீன எழுத்தும் ஒரே கல்லில் சந்தித்த இரண்டு இடங்கள் உண்டு. சீனத் துறைமுகமான சுவான்சௌவில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் கல்வெட்டு ஒன்று 1281ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தில் ஒரு வரி நிற்கிறது. இரண்டாவது, கப்பற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த கல். 1409 தேதியிட்ட அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தேனவரை நாயனாருக்கும், பாரசீக வாசகம் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கின்றன. உச்சியில் இரண்டு டிராகன்கள். இது 1911இல் காலி நகரில் வடிகால் மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல் சீனத்திலேயே வெட்டப்பட்டுக் கப்பலேறியது என்பதால் அதன் தமிழ் எழுத்தைத் தமிழ் தெரியாத ஒரு சீனக் கல்தச்சன் வெட்டியிருக்கலாம். ஓலையில் பழகிய வளைவுகளை, தூரிகையில் பழகிய நாட்டின் உளி எப்படி வாங்கிக்கொண்டது என்று பார்க்க அதைவிட நல்ல சான்று இல்லை.

ஓவியத்தையும் எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும் சீன அறிவு 20ஆம் நூற்றாண்டில் வேறு வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1924இல் தாகூருடன் சீனம் சென்றவர்களில் ஓவியர் நந்தலால் போஸும் ஒருவர். 1937இல் சாந்திநிகேதனில் சீன பவனம் திறக்கப்பட்டது; 1940இல் ஓவியர் ஷூ பெய்ஹோங் அங்கே தங்கி வரைந்தார். கோட்டின் மூச்சைப் பார்க்கும் பழக்கம் சாந்திநிகேதன் மாணவர்களிடம் ஊன்றியது. சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் எழுத்தையே ஓவியத்தின் உடலாக்கினார். நடுகல் ஆய்வு அப்போது தொல்லியல் துறையில் இருந்தது. இரண்டு உலகமும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.

கணவாயின் கற்களுக்குத் திரும்பினால், 9ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அவை மாறுவது தெரியும். வட்டெழுத்து மறைந்து தமிழ் எழுத்து வருகிறது. வடமேற்கே ஓசூர்ப் பக்கம் போகப் போகக் கன்னட எழுத்தும், கன்னட நாட்டு வீரகல்லின் அடுக்குமுறையும் வருகின்றன. கீழடுக்கில் சண்டை, நடுவடுக்கில் தேவமகளிர் வீரனைத் தூக்கிச் செல்கிறார்கள், மேலடுக்கில் அவன் லிங்கத்தின் முன் இருக்கிறான். கங்கர்களும் நுளம்பர்களும் மோதிய எல்லை இது. பெங்களூருக்கு அருகே பேகூரில் கிடைத்த புகழ்பெற்ற வீரகல்லில் யானையும் குதிரையும் கூட்டமுமாக ஒரு முழுப் போரே நடக்கிறது. கதையைச் சிற்பமே சொல்லிவிடுவதால் எழுத்தின் பங்கு சுருங்குகிறது. பிற்காலத்துப் புலிக்குத்திக் கற்கள் பலவற்றில் எழுத்தே இல்லை. புலியும், புலியைக் குத்தும் ஆளும் இருக்கிறார்கள்; அவன் யார் என்று கேட்டால் ஊரில் ஒரு கதை இருக்கும், அல்லது இருக்காது. எழுத்து மட்டும், எழுத்தும் உருவும், உருவம் மட்டும் என்று நடுகல் ஒரு வட்டம் அடித்து முடித்துவிட்டது. நடுவில் உள்ள சில நூற்றாண்டுகளே இந்தக் கலையின் நல்ல காலம். அந்த நூற்றாண்டுகளின் கற்கள் மிகுதியாகக் கிடைத்த இடங்களில் ஒன்று இந்தக் கணவாய்ப் பகுதி.

ஊத்தங்கரை, செங்கம், அரூர் வட்டாரங்களில் இந்தக் கற்களுக்கு வேடியப்பன் என்று பெயர். வேடியப்பன் கோயில் என்று சொல்லப்படும் இடங்களில் பலவற்றில் மூலவராக நிற்பது ஒரு நடுகல்தான். பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள், மஞ்சளும் எண்ணெயும் பூசுவார்கள். கல் இன்றுவரை உடையாமல் நிற்பதற்கு முதல் காரணம் இந்தக் கும்பிடுதான். கும்பிடப்படாத கற்கள் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் துணி துவைக்கவும் போய்விட்டன. சீனத்திலும் மதிப்பு என்பது மேலே எதையாவது சேர்ப்பதாகவே இருந்தது. ஓவியத்தை வாங்கியவர் தம் சிவப்பு முத்திரையைக் குத்துவார். ரசித்தவர் ஓரத்தில் குறிப்பு எழுதுவார். 18ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சியான்லோங் பழைய ஓவியங்களில் குத்திய முத்திரைகளுக்குக் கணக்கில்லை. வெற்றிடமெல்லாம் சிவந்துபோன ஓவியங்களைப் பார்த்துப் பின்வந்த ரசிகர்கள் வருந்தியிருக்கிறார்கள். வேடியப்பனுக்கு மஞ்சள் பூசுவதும் அதே அன்பின் இன்னொரு வடிவம். மஞ்சள் கழுவினால் போகும். எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துப் போக்கலாம். அண்மைக் காலத்தில் வந்த பெயின்ட் அப்படியல்ல. எனாமல் பெயின்ட் உளிப் பள்ளத்துக்குள் இறங்கி உறைந்துவிட்டால் மைப்படியும் எடுக்க முடியாது, எழுத்தும் தெரியாது. பளிச்சென்ற மீசையும் சிவந்த உதடும் பெற்ற வீரன், தன் பெயரை இழந்துவிடுகிறான்.

இக்கற்களைப் பார்ப்பதற்கு ஏற்ற நேரம் காலையில் வெயில் ஏறும்முன், அல்லது மாலையில் வெயில் சாயும்போது. ஒளி பக்கவாட்டில் விழுந்தால் ஆழமில்லாத புடைப்பும் எழுத்தும் நிழல் பிடித்து மேலே வரும். உச்சிவெயிலில் நின்று பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று திரும்புகிறவர்கள் அதிகம். கிருஷ்ணகிரி, தருமபுரி அருங்காட்சியகங்களில் இருப்பவற்றைவிட இன்றும் வயலோரத்திலும் கோயிலிலும் நிற்கும் கற்களே இந்தப் பார்வைக்கு ஏற்றவை. திருவிழாவுக்குக் கல்லைப் புதுப்பிக்கும் ஊர்ப் பெரியவர்கள் ஒன்று மட்டும் செய்யலாம்: வேடியப்பன் தலைக்கு மேலே கோடுகோடாக ஏதாவது தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தூரிகை படாமல் விட்டுவிட வேண்டும்.